மாவட்டம் பிரிந்தது, படிவம் என்ன ஆயிற்று?

ஆம்பூரில் 1985ஆம் ஆண்டில் பிறந்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். பிறந்த வீட்டிலேயே இன்றும் குடியிருக்கிறார்; அதே தெரு, அதே கதவு எண். ஆயினும் அவர் இதுவரை நான்கு மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார் என்றால் நம்புவீர்களா?

அவர் பிறந்தபோது ஆம்பூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமாயிற்று. எஞ்சிய பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 1990களின் பிற்பகுதியில் அதுவே வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019 ஆகஸ்டு 15இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 28இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் இரு புதிய மாவட்டங்கள் தொடங்கின. ஆம்பூர் திருப்பத்தூரோடு சேர்ந்தது.

இவ்வாறு, தோல் தொழிலால் ஒன்றாய் அறியப்பட்ட ஒரு வட்டாரம் மூன்று மாவட்டங்களில் பங்கிடப்பட்டது. ராணிப்பேட்டை, ஆற்காடு, மேல்விஷாரம் ஆகியவை ஒரு மாவட்டம்; பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றுவிட்டது; ஆம்பூரும் வாணியம்பாடியும் மற்றொரு மாவட்டம்.

இப்போது நம் ஆம்பூர் நண்பர் தம் மகளின் கல்வி உதவித்தொகைக்காகக் கணிப்பொறியின் முன் அமர்கிறார். திரையில் ஒரு படிவம். 'மாவட்டம்' என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிகிறது. அதில் வேலூர் இருக்கிறது; திருப்பத்தூர் இல்லை! வேலூரைத் தேர்ந்தால் சான்றிதழோடு பொருந்தாது. ஒன்றையும் தேராவிட்டால் படிவம் நகராது. காகிதப் படிவமாக இருந்தால் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடலாம். திரையில் ஓரம் ஏது?

இத்தகைய இக்கட்டு ஏன் நேர்கிறது? அதைத் தவிர்ப்பது எப்படி? விடை, அந்தப் படிவம் எவ்வாறு பிறந்தது என்பதில் இருக்கிறது.

திரையில் தெரியும் படிவம்

வலைப்பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியில் எழுதப்படுகின்றன. கோணல் அடைப்புக்குறிகளுக்குள் சில கட்டளைச் சொற்களை இட்டு, 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது படம்' என்று உலாவிக்கு அறிவிக்கும் மொழி அது. டிம் பெர்னர்ஸ் லீ, டான் கானலி ஆகிய இருவரும் தொகுத்து 1995 நவம்பரில் வெளியான அம்மொழியின் இரண்டாம் பதிப்பிலேயே படிவத்துக்கான சொற்கள் இடம்பெற்றன. 'ஃபார்ம்' என்றால் படிவத்தின் எல்லை. 'இன்புட்' என்றால் எழுதும் கட்டம். 'செலக்ட்' என்றால் விரியும் பட்டியல். அப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஓர் 'ஆப்ஷன்'.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியும் பெயர். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் மதிப்பு. நாம் 'வேலூர்' என்பதைத் தொடுகிறோம். ஆனால் சர்வர் எனப்படும் தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் செல்வது அந்த உள்மதிப்பே. ரயிலில் சரக்கு அனுப்பும்போது பெட்டியின் மேல் ஒட்டும் எண்ணைப் போன்றது அது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வழியில் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. எண்ணைப் பார்த்தே இறக்குகிறார்கள். இந்த இரட்டை முகம் பின்னர் நமக்குப் பெரிதும் உதவப்போகிறது.

கையால் எழுதினால் வரும் துன்பம்

ஓர் அலுவலகத்தின் வலைத்தளத்தில் நாற்பது படிவங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் மாவட்டப் பட்டியல் உண்டு. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்த காலத்தில் ஒருவர் பொறுமையாக அமர்ந்து, ஒவ்வொரு படிவத்திலும் 32 ஆப்ஷன் வரிகளைத் தட்டச்சு செய்துவிட்டார். அன்றைக்கு அது சரியாகவே இருந்தது.

பிறகு 2019 நவம்பர் வந்தது. 22ஆம் நாள் தென்காசி, 26இல் கள்ளக்குறிச்சி, 28இல் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும், 29இல் செங்கற்பட்டு. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. மொத்தம் 38 மாவட்டங்கள். அந்தந்த நாளில் பட்டியலைத் திருத்த வேண்டுமானால், நாற்பது படிவங்களையும் ஐந்து முறை திறக்க வேண்டும். ஆக இருநூறு திருத்தங்கள். இருநூறு முறை கை வைத்தால் எங்காவது ஒன்று விடுபடத்தான் செய்யும். ஒரு படிவத்தில் ராணிப்பேட்டை சேர்ந்திருக்கும், மற்றொன்றில் சேர்ந்திராது. ஆற்காட்டு மாணவி ஒரு பக்கத்தில் ராணிப்பேட்டை மாவட்டத்தவள். அடுத்த பக்கத்தில் வேலூர் மாவட்டத்தவள்!

குற்றம் தட்டச்சு செய்தவருடையது அன்று. மாறக்கூடிய ஒரு செய்தியை மாறாத எழுத்தாக நாற்பது இடங்களில் பதித்துவைத்த முறையில்தான் குற்றம்.

படிவத்துக்காகவே பிறந்த மொழி

இதற்கு மாற்று, படிவத்தைக் கையால் எழுதாமல் ஒரு நிரலைக் கொண்டு எழுதச் செய்வது. இப்பணிக்கு உலகெங்கும் பயன்படும் மொழிகளுள் ஒன்று பி.எச்.பி.

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்னும் நிரலாளர், வலையில் தாம் வைத்திருந்த தன்விவரக் குறிப்பை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய 1994இல் சில சிறு நிரல்களை எழுதினார். 1995 ஜூனில் அவற்றை எல்லோரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். 'தனிப்பட்ட முகப்புப் பக்கக் கருவிகள்' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே பி.எச்.பி. அதன் பிறகு சில மாதங்களிலேயே அதற்கு அவர் இட்ட மற்றொரு பெயர் 'எஃப்.ஐ.'; அதாவது படிவங்களைப் புரிந்துகொள்ளும் கருவி! பின்னர் 1998இல் ஜீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ் ஆகியோரின் முயற்சியால் மூன்றாம் பதிப்பு வந்தபோது அது முழுமையான மொழியாக வளர்ந்தது. படிவங்களைக் கையாளுவது அதன் பிறவிக் குணம் எனலாம்.

பி.எச்.பி. நிரல் சர்வரில் இயங்குகிறது. நம் வீட்டுக் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ அன்று. நாம் ஒரு பக்கத்தைக் கேட்டதும், சர்வர் நிரலை இயக்குகிறது. நிரல் எச்.டி.எம்.எல். வரிகளை அக்கணமே எழுதித் தள்ளுகிறது. அந்த வரிகள் மட்டுமே நம்மிடம் வந்து சேர்கின்றன. உணவு விடுதியில் இலையில் விழுந்த இட்லியைத்தான் நாம் பார்க்கிறோம். அடுக்களையையும் ஆட்டுக்கல்லையும் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

அச்சும் தோலும்

ஆம்பூர்ப் பகுதியின் ஷூ தொழிற்சாலைகளில் மேல்தோல் துண்டுகளை எவ்வாறு வெட்டுகிறார்கள்? ஒவ்வொரு துண்டையும் பென்சிலால் வரைந்து கத்தரிப்பதில்லை. வேண்டிய வடிவில் வளைத்த கூரிய இரும்பு அச்சைத் தோலின் மேல் வைத்து எந்திரத்தால் அழுத்துகிறார்கள். அச்சு ஒன்று, துண்டுகள் நூற்றுக்கணக்கில். அச்சில் ஒரு மாற்றம் செய்தால், அதன்பின் விழும் துண்டுகள் எல்லாவற்றிலும் அம்மாற்றம் தானே வந்துவிடும்.

நிரலும் இவ்வாறே செய்கிறது. மாவட்டங்களின் பெயர்கள் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக இருக்கின்றன, அதுதான் தோல். 'ஓர் ஆப்ஷன் வரி இப்படி இருக்க வேண்டும்' என்ற வார்ப்பு நிரலில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கிறது, அதுதான் அச்சு. நிரலின் சாரத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

செலக்ட் தொடங்குக.
அட்டவணையில் உள்ள ஒவ்வொரு மாவட்டத்துக்கும், அதன் குறியெண்ணை மதிப்பாகவும் அதன் பெயரைக் கண்ணுக்குத் தெரிவதாகவும் கொண்ட ஓர் ஆப்ஷன் வரி எழுதுக.
செலக்ட் முடிக்க.

மூன்றே வரிகள்! அட்டவணையில் 32 மாவட்டங்கள் இருந்தால் 32 ஆப்ஷன்கள் விழும். 38 இருந்தால் 38 விழும். நாற்பது படிவங்களும் இந்த மூன்று வரிகளையே அழைத்தால் போதும். புதிய மாவட்டம் பிறக்கும் நாளில் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால், அடுத்த நொடியில் நாற்பது படிவங்களிலும் அது தோன்றிவிடும். இருநூறு திருத்தங்கள் செய்த இடத்தில் இப்போது ஆறு வரிகள்!

வட்டப் பட்டியலும் இவ்வாறே. ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் அது எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற குறியெண் இருக்கும். ராணிப்பேட்டையைத் தேர்ந்தால் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி முதலியன மட்டும் விரியும். ஆம்பூர் வட்டம் வேலூரிலிருந்து திருப்பத்தூருக்குப் போயிற்று என்றால், மாற வேண்டியது அந்த ஒரு குறியெண் மட்டுமே.

பெயரா, எண்ணா?

மதிப்பாகப் பெயரையே அனுப்பினால் என்ன, எண் எதற்கு என்று கேட்கலாம். திருப்பத்தூரே இதற்கு விடை சொல்லும். சிவகங்கை மாவட்டத்திலும் திருப்பத்தூர் என்று ஒரு வட்டம் உண்டு. 'வட்டம்: திருப்பத்தூர்' என்று மட்டும் சேமித்து வைத்தால், அது பாலாற்றுப் பக்கத்துத் திருப்பத்தூரா, செட்டிநாட்டுப் பக்கத்துத் திருப்பத்தூரா என்று கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? எண் வேறாக இருந்தால் குழப்பமே இல்லை.

எழுத்துக்கூட்டுச் சிக்கலும் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வெளிவந்தது. வேலூரும் அதில் இருந்தது. விமர்சனங்கள் எழவே, சில நாள்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயரையே அடையாளமாகக் கொண்டு பதிவுகளைச் சேமித்திருந்த ஒரு நிரலாளர், பழைய எழுத்தைப் புதியதாக்கி, மறுபடியும் புதியதைப் பழையதாக்கி அலைந்திருக்க வேண்டியிருக்கும். எண்ணை அடையாளமாகக் கொண்டவருக்கோ, அட்டவணையில் பெயர்க் கட்டத்தைத் திருத்துவதோடு வேலை முடிந்தது.

இத்தகைய எண்கள் நமக்குப் புதியவை அல்ல. தமிழ்நாட்டு வணிகர்களின் ஜி.எஸ்.டி. பதிவெண்கள் 33 என்றே தொடங்கும். 33 என்பது தமிழ்நாட்டின் குறியெண். மாவட்டம், வட்டம், ஊராட்சி ஆகியவற்றுக்கு மத்திய ஊராட்சி அமைச்சகம் ஒரு குறியெண் தொகுப்பையே பராமரித்துவருகிறது. புதிதாக எண்களைக் கற்பனை செய்யாமல் இத்தகைய பொதுத் தொகுப்பைப் பின்பற்றினால், ஓர் அலுவலகத்தின் பதிவு மற்றோர் அலுவலகத்துக்கும் விளங்கும்.

பழைய மாவட்டத்தை அழித்துவிடலாமா?

வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இன்று ஒன்று இல்லை. ஆகவே அதை அட்டவணையிலிருந்து நீக்கிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும்.

1992இல் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பழைய பெயரே இருக்கும். 2005இல் ஆம்பூரில் பிறந்தவரின் சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்று இருக்கும். அவர் வசிப்பதோ திருப்பத்தூர் மாவட்டம். எனவே ஒரே படிவத்தில் 'பிறந்த மாவட்டம்', 'வசிக்கும் மாவட்டம்' என்ற இரு கட்டங்களுக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது!

இதற்குத் தீர்வு எளியது. அட்டவணையில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'தொடங்கிய நாள்', 'முடிந்த நாள்' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிட வேண்டும். எதையும் அழிப்பதில்லை, முடிந்த நாளை மட்டும் குறிக்கிறோம். வசிக்கும் மாவட்டத்துக்கான பட்டியலை எழுதும்போது, 'இன்று நடப்பில் உள்ளவற்றை மட்டும் எழுதுக' என்று நிரலுக்குச் சொல்கிறோம். பிறந்த மாவட்டத்துக்கோ, 'இவர் பிறந்த நாளில் இருந்தவற்றை எழுதுக' என்கிறோம். வட்டம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பையும் இவ்வாறே நாளோடு வைத்துக்கொள்ளலாம். கையால் எழுதிய படிவத்தில் இதை எண்ணிப் பார்க்கவும் முடியாது. படிவம் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுவதால்தான், ஆளுக்கு ஏற்பப் பட்டியல் மாற முடிகிறது.

ஒரு குறிப்பு, மூன்று வேலைகள்

பட்டியலைப் போலவே, படிவம் முழுவதையுமே ஒரு விவரக்குறிப்பிலிருந்து எழுதச் செய்யலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு செய்திகள் போதும்: அதன் பெயர் என்ன? அது எழுத்தா, எண்ணா, நாளா, பட்டியலா? கட்டாயமா, விருப்பமா? எத்தனை எழுத்துகள் வரை இடம்? இக்குறிப்பை நிரலிடம் கொடுத்தால், அது மூன்று வேலைகளைச் செய்யும்.

முதல் வேலை, படிவத்தை வரைதல்.

இரண்டாம் வேலை, வந்த விடைகளைச் சோதித்தல். உலாவியே சில சோதனைகளைச் செய்யும் என்றாலும் அதை நம்பி இருந்துவிட முடியாது. திரையில் நாம் காட்டிய 38 மாவட்டங்களுள் ஒன்றுதான் திரும்பி வரும் என்பதற்கு உறுதி இல்லை. விவரம் அறிந்த ஒருவர் பட்டியலில் இல்லாத எண்ணையும் அனுப்பிவிடலாம். ஆகவே வந்த எண் உண்மையிலேயே பட்டியலில் உள்ளதா என்று சர்வரில் மறுபடியும் பார்க்க வேண்டும். வரைவதும் சோதிப்பதும் ஒரே குறிப்பிலிருந்து நடப்பதால், படிவம் ஒன்றைக் காட்டி, சோதனை வேறொன்றைக் கேட்கும் முரண்பாடு நேராது.

மூன்றாம் வேலை, பிழை இருந்தால் படிவத்தைத் திருப்பிக் காட்டுதல். எழுதியவை எல்லாம் அப்படியே இருக்க, பிழையான கட்டத்தின் அருகில் மட்டும் குறிப்பு வர வேண்டும். இது சிறு வசதியாகத் தோன்றலாம். ஆனால் தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பெடுத்து, இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று, முப்பது கட்டங்களை நிரப்பிய ஒருவருக்கு, ஒரு பிழைக்காக முப்பதும் வெறுமையாகித் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அவர் இழந்தது அரை நாள் கூலி. நிரலாளருக்கு அது ஒரு வரிதான்.

அங்குலக் குறி செய்த குறும்பு

எழுதியதைத் திருப்பிக் காட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. வணிகர் ஒருவர் சரக்கு விவரம் என்ற கட்டத்தில், 12" பெட்டி, பழுப்பு நிறம் என்று எழுதுகிறார். 12க்குப் பின்னுள்ள இரட்டைக் கோடு அங்குலத்தைக் குறிக்கிறது. ஆனால் எச்.டி.எம்.எல். மொழியில் ஒரு மதிப்பு தொடங்குவதையும் முடிவதையும் காட்டுவது அதே இரட்டைக் கோடுதான்! ஆகவே பிழை திருத்தப் படிவம் திரும்பி வரும்போது, கட்டத்தில் 12 மட்டும் இருக்கும்; பெட்டியும் நிறமும் காணாமற்போகும்.

இது தற்செயலான குறும்பு. வேண்டுமென்றே செய்யப்படும் குறும்பும் உண்டு. கோணல் அடைப்புக்குறிகளோடு ஒரு சிறு நிரலையே பெயர்க் கட்டத்தில் எழுதி அனுப்பினால், அதை அப்படியே திரையில் காட்டும் அலுவலரின் கணிப்பொறியில் அந்நிரல் இயங்கிவிடக்கூடும். இதைத் தடுக்க, வெளியிலிருந்து வந்த எந்த எழுத்தையும் திரைக்கு அனுப்புமுன் இத்தகைய குறிகளைத் தீங்கற்ற மாற்றுக் குறியீடுகளாக மாற்ற வேண்டும். பி.எச்.பி.யில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அச்சிலேயே இதைச் சேர்த்துவிட்டால், எந்தப் படிவத்திலும் மறதிக்கு இடமில்லை.

ஆம்பூர் என்பதில் எத்தனை எழுத்து?

'எத்தனை எழுத்துகள் வரை இடம்?' என்ற கேள்வி தமிழருக்குச் சற்று வேடிக்கையானது. 'ஆம்பூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஆ, ம், பூ, ர் என்று நான்கு. ஆரம்பப் பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான். கணிப்பொறி அவ்வாறு எண்ணுவதில்லை. யூனிக்கோடு முறையில் புள்ளி தனி. ஊகாரக் குறி தனி. ஆகவே ஆ, ம, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஏழு. இந்த ஏழில் ஒவ்வொன்றும், வலையில் வழக்கமாகப் பயன்படும் யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆக 21 பைட்டுகள்!

நான்கா, ஏழா, இருபத்தொன்றா? பி.எச்.பி.யில் மூன்று விதமாகவும் எண்ணத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. எதைப் பயன்படுத்துகிறோம் என்று அறிந்து பயன்படுத்த வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து, '20 பைட்டு போதும்' என்று ஒருவர் வெட்டிவிட்டால், ஆம்பூரின் கடைசிப் புள்ளி சிதைந்துபோகும். வாணியம்பாடி என்ற ஆறெழுத்துச் சொல்லுக்கோ 33 பைட்டு வேண்டும். தமிழில் பெயர் எழுத இடம் கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டு, பெயரை எழுதி முடிக்க விடாமல் செய்வது முறையாகுமா?

கட்டாயம் என்னும் ஒரு சொல்

விவரக்குறிப்பில் 'கட்டாயமா, விருப்பமா?' என்ற கேள்வியைக் கண்டோம். இந்த ஒரு சொல்லின் வலிமையைத் தமிழர்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும் உண்டு, அவ்வளவே. ஆனால் பல படிவங்கள் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கிவிடுகின்றன. அப்போது ஒருவர் ஒரு படிவத்தில் தந்தை பெயரை இடுகிறார். மற்றொன்றில் முதலெழுத்தை மட்டும் இடுகிறார். வேறொன்றில் தம் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார். மூன்று ஆவணங்களில் மூன்று மனிதர்கள்!

இதன் விளைவு திரையோடு நிற்பதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் எனப் பின்னர் அது தெளிவுபடுத்தப்பட்டது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு, ஒரு வெற்றுக் கட்டம் எவ்வளவு பெரிய கவலையாக முடியும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, பெயரைத் துண்டு துண்டாகக் கேட்க வேண்டிய தேவை உண்மையில் உண்டா என்று முதலில் எண்ணிப் பார்க்குமாறும், இல்லையெனில் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதே நல்லது என்றும் வழிகாட்டுகிறது. நம் வழக்குக்கு ஏற்ப, 'முழுப் பெயர்' என்று கட்டாயமான ஒரு கட்டமும், 'தலைப்பெழுத்து' என்று விருப்பமான ஒரு கட்டமும் வைக்கலாம். வேறொரு துறைக்குக் குடும்பப் பெயர் கட்டாயம் தேவை என்றால், அந்தப் படிவத்துக்கு மட்டும் விவரக்குறிப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். படிவம், சோதனை, பிழைக் குறிப்பு மூன்றும் தாமே மாறிக்கொள்ளும்.

நீங்களே செய்து பாருங்கள்

பி.எச்.பி. விலையின்றிக் கிடைக்கும் மொழி. சாதாரணக் கணிப்பொறியிலேயே நிறுவிப் பழகலாம். உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு புத்தக இரவல் படிவம் செய்து பாருங்கள். புத்தகப் பெயர்களைப் படிவத்தில் எழுதாமல், தனி அட்டவணையில் எழுதுங்கள். பிறகு அட்டவணையில் ஒரு புத்தகத்தைச் சேர்த்துவிட்டு, பக்கத்தை மறுபடியும் திறங்கள். நீங்கள் தொடாத படிவத்தில் புதிய புத்தகம் தோன்றும்போது ஏற்படும் மகிழ்ச்சியே தனி. உலாவியில் 'பக்க மூலத்தைக் காண்க' என்னும் வசதியைத் தட்டினால், உங்கள் நிரல் எழுதித் தள்ளிய ஆப்ஷன் வரிகளையும் காணலாம். அதில் பி.எச்.பி. வரி ஒன்றுகூட இராது.

அதோடு மற்றொரு சோதனையும் செய்யுங்கள். உங்கள் பாட்டியின் பெயர், பிறந்த ஊர், பிறந்த மாவட்டம் ஆகியவற்றை அந்த நாளில் வழங்கியபடியே ஏற்றுக்கொள்ளும் ஒரு படிவத்தை எழுத முயலுங்கள். எந்தக் கட்டம் அவரைத் தடுக்கிறது என்று பாருங்கள். தடுத்தால், திருத்த வேண்டியது பாட்டியை அன்று; அட்டவணையைத்தான்.

நம் ஆம்பூர் நண்பர் இடம் பெயரவே இல்லை. மூன்று முறை மாறியது அரசின் வரைபடம். நான்காம் முறையும் மாறலாம். அன்று அவருடைய மகள் ஒரு படிவத்தைத் திறக்கும்போது, பட்டியலில் தன் மாவட்டம் இருக்கக் காண வேண்டும். அதற்கு ஒருவர் அட்டவணையில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்ற நிலையை இன்றே நாம் உண்டாக்கி வைக்கலாம்.